அறையின் அமைதி

என் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதனால் தாள் கூடுதலாக வேண்டும் என்று காலையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஸ்டேஷன் எழுத்தர் ஐயா, "நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார். நல்ல மனிதர். ஆனால் அவர் எழுதினால் அவர் வேகத்துக்குப் போகும்; நான் சொல்லாதது இரண்டு உள்ளே வந்துவிடும். எனக்கு அவசரம் இல்லை. மூட்டை தூக்கியவனுக்கு ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றாக வைத்துத்தான் பழக்கம்.

படம் எடுத்தது நான் முப்பது வருடம் மூட்டை இறக்கிய கிடங்கில். தகரக் கூரை, பலகைத் தரை, ஒரு பக்கம் மட்டும் திறக்கிற இரும்புக் கதவு. கிடங்கை மூடிய பிறகு, இடிக்கிற நாள் வரை காவல் இருக்கச் சொல்லி என்னை வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பேர் வந்து, சினிமா எடுக்க இடம் கிடைக்குமா என்று கேட்டார்கள். சினிமாக்காரர்கள் மாதிரியே இல்லை. ஒருவர் சட்டையில் பொத்தான் இல்லை.

எல்லோரும் வாரத்தில் ஆறு நாள் வேறு வேலை பார்ப்பவர்கள். இயக்குநர் தம்பி அச்சகத்தில் பிழை திருத்துபவர். கேமராக்காரர் கல்யாண வீடுகளில் படம் பிடிப்பவர். ஒலிப்பதிவு செய்தவர் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். பக்கத்து அறையில் எறும்பு தும்மினாலும் கேட்கும் என்று அவரைக் 'காது' என்றே கூப்பிட்டார்கள். மேக்கப் போட்ட தங்கச்சி அழகு நிலையத்தில் முடி வெட்டுபவள். கதாநாயகன் வங்கிக் காசாளர். ஆறாவது ஆள், படத்தில் கிடங்கு முதலாளியாக நடித்தவர், இயக்குநரின் அக்கா வீட்டுக்காரர். ஊர் ஊராக மருந்து விற்பவர். அவரை எல்லோரும் 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவோம். செத்தது அவர்தான்.

கதை சின்னக் கதை. முப்பது வருடம் மூட்டை தூக்கிய ஒருவன், கடைசி நாளில் முதலாளியின் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். என்னைப் பார்த்தா எழுதினாய் என்று தம்பியிடம் ஒருநாள் கேட்டேன். "இல்லண்ணே, உங்களைப் பார்க்குறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன்" என்று சிரித்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காசாளரின் கையைக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நோட்டு எண்ணிய கை. நகம் ஒவ்வொன்றும் சோப்புத் துண்டு போலப் பளபளத்தது. "இந்தக் கை கொலை பண்ணாது, கொடுக்கல் வாங்கல்தான் பண்ணும்" என்றார் கேமராக்காரர். தம்பி சுற்றிலும் பார்த்தார். நான் தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தார். வந்து இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது கட்டைவிரல் நகம் வெகுநாள் முன்பு மூட்டைக் கொக்கி பட்டுக் கருத்துப்போனது. அதைத் தடவிப் பார்த்தார். என் கையை அப்படி யாரும் பிடித்ததில்லை. என் சம்சாரமும் பிடித்ததில்லை.

அன்றிலிருந்து கை தெரிகிற காட்சியெல்லாம் என்னுடையது. முகம் காசாளருடையது. முதலாளி எனக்குப் 'பத்து' என்று பேர் வைத்தார். பத்து விரல் மட்டும் நடிக்கிறதல்லவா. "பத்து, சம்பளம் விரலுக்கு இவ்வளவுன்னு பேசிக்கிட்டியா?" என்பார். யாருக்கும் சம்பளம் இல்லை, அதனால் எல்லோரும் சிரிப்போம். நல்ல சிரிப்பு மனிதர். அவர் கொண்டுவருகிற டீயில் எனக்குத்தான் முதல் டம்ளர்.

கிடங்குச் சுவரில் தம்பி ஒரு பெரிய தாளை ஒட்டியிருந்தார். படம் முடிந்ததும் திரையில் வரப்போகிற பெயர்கள். யார் என்ன செய்தாலும் அன்றைக்கே அதில் எழுதிவிடுவார். ஐந்தாவது வரியில், 'கைகள்' என்று போட்டு எதிரே என் பெயர்.

நான் எழுத்துக் கற்றது நாற்பத்தேழு வயதில். சம்சாரம் தையல்காரி, துணியில் அளவு எழுதுகிற சாக்குக்கட்டியால் எனக்கு எழுதிக் காட்டினாள். அதுவரை ரேகைதான் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்தாவது வரியை வந்து அவளிடம் சொன்னேன். "முகம் வராதா?" என்றாள். "பேரு வரும்." "பேரை வச்சு நான் யாருக்குக் காட்டுறது?" "திரையில வரும்போது நான் எந்திரிச்சு நின்னு சத்தமா வாசிக்கிறேன், நீ பக்கத்துல உட்கார்ந்திரு." அவள் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மறுநாளே தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். இரண்டு வருடம் தெருவில் எல்லோரும், "எப்ப வருது படம்?" என்றுதான் என்னிடம் கேட்டார்கள். அதற்கு முன் என்ன கேட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்டதில்லை.

அந்த இடத்தில் இரண்டு விதிகள் இருந்தன. இரண்டையும், இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் விதி, கழுத்தை நெரிக்கிற காட்சிக்கு. படத்தில் முதலாளி, "விடு, போதும்" என்று கெஞ்ச வேண்டும். அதெல்லாம் வசனம். அதனால் நிஜமாகவே வலித்தால் என்ன சொல்வது? வலது கையால் பலகைத் தரையில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும் என்று வைத்தார்கள். அந்தக் கை படத்தில் தெரியாது. ஒலிப்பதிவுக்காரர் காது தன் தலையில் மாட்டியிருக்கிற கருவியில் அது டக் டக் டக் என்று கேட்கும், கையைத் தூக்குவார், தம்பி நிறுத்துவார். கால் உதைக்கிற சத்தம், மற்ற சத்தம் எது வந்தாலும் நடிப்பு. மூன்று தட்டு மட்டும் நிஜம்.

இரண்டாவது விதி காதுடையது. ஒவ்வொரு காட்சியும் முடிந்து தம்பி "கட்" சொன்னதும், யாரும் இடத்தைவிட்டு அசையக் கூடாது. ஒரு நிமிடம் அந்த அறையின் அமைதியை மட்டும் அவர் பதிவு செய்வார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு அமைதி உண்டாம், ஆள் நின்ற இடம் மாறினாலே அதுவும் மாறிவிடுமாம். பின்னால் படத்தை ஒட்டும்போது அது வேண்டும். ஒருமுறை அந்த அமைதியில் காசாளரும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து, அமைதி எடுக்கும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டார். ஆறு பேரும் கண்ணை மூடி நிற்பதைப் பார்க்க நன்றாக இருக்கும். நான் சில நேரம் மூடாமல் பார்ப்பேன்.

கழுத்துக் காட்சியை இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். நான் மெதுவாகத்தான் பிடித்தேன். ஆனால் என் மெதுவும் மருந்து விற்பவரின் மெதுவும் வேறு வேறு. மூன்று தட்டு வந்ததும் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் முதலாளி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார். "உங்கக்கா கேக்கிறா, யாரு உங்க கழுத்துல ரேகை வச்சதுன்னு" என்றார் தம்பியிடம். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "இவர் கையை அச்சு எடுத்து ரப்பர்ல ஊத்திடலாம்பா. அதைக் காசாளர் மாட்டிக்கட்டும். கையும் பத்தோடது மாதிரி இருக்கும், என் கழுத்தும் எனக்கு இருக்கும்."

நியாயமான யோசனைதான். மேக்கப் தங்கச்சிக்குக் கண் விரிந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் இரண்டு வாளி களிம்பில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அண்ணே அசையாதீங்க, ஒரு ரேகை கூடப் போயிடக் கூடாது" என்றாள். மூக்கு அரித்தபோது அவளே சொறிந்துவிட்டாள். கையை வெளியே இழுத்தபோது வாளிக்குள் என் கையளவுக்கு இரண்டு பள்ளம் இருந்தது.

அடுத்த வாரம் அந்தக் கைகள் மேசைமேல், டீக் குடுவைக்குப் பக்கத்தில் இருந்தன. மயிர் நட்டிருந்தாள். கருத்த நகத்தைக்கூட விடவில்லை. முதலாளி ஒன்றை எடுத்துக் குலுக்கி, "பத்து, உன்னைவிட இது சாது. டீகூடக் கேக்காது" என்றார். நானும் சிரித்தேன்.

அன்று பிற்பகல் சுவர்த் தாளைப் பார்த்தேன். ஐந்தாவது வரியில், 'கைகள் வடிவமைப்பு' என்று எழுதி மேக்கப் தங்கச்சி பெயர். என் பெயரை அடித்திருக்கவில்லை, மேலே வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். தேடினேன். கடைசியில் 'நன்றி' என்று ஒரு பகுதி. அதில் நாற்காலி கொடுத்த கடைக்கும், மின்சாரம் கொடுத்த பக்கத்துப் பட்டறைக்கும் நடுவில் இருந்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன், அதனால் கொஞ்ச நேரம் ஆனது. நாற்பத்தேழு வயதுக்கு முன்பாக இருந்தால் அந்தச் சுவரைத் தாண்டிப் போய்த் தண்ணீர் பிடித்திருப்பேன்.

நீங்கள் கேட்டது போலவே தம்பியும் என்னைப் பார்க்க வந்தபோது கேட்டார், அதற்காகவா என்று. இல்லை. எனக்குக் கோபம் வருவதில்லை. முப்பது வருடத்தில் ஒரு மேஸ்திரியையும் எதிர்த்துப் பேசாதவன். நான் யோசித்தது படத்தைப் பற்றி. ரப்பரில் நரம்பு நகராது. அழுத்தும்போது முட்டி வெளுக்காது. இரண்டு வருட உழைப்பு, கடைசிக் காட்சியில் பொம்மைக் கையால் கெட்டுப்போகக் கூடாது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அது. மறுநாள் கிடங்கை இடிக்க வண்டி வருகிறது. காலை ஏழு மணிக்கு, அவர்கள் வருவதற்கு முன், ரப்பர்க் கைகளை எடுத்துப் பெரிய விளக்கின் முன்னால் வைத்து விளக்கைப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் சுண்டுவிரல் வளைந்தது. பிறகு மற்றவை, கும்பிடுவது போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. விளக்கை அணைத்து, அது ஆறிய பிறகு இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மேக்கப் தங்கச்சி அழுதாள். சன்னல் வெயில் பட்டுவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பாவமாக இருந்தது, டீ ஊற்றிக் கொடுத்தேன். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளிதான் அவரைத் தட்டி எழுப்பினார். "விடுறா. நிஜக் கை ஒண்ணு இங்கதான நிக்குது." என்னைப் பார்த்து, "பத்து, பாத்துப் பிடிய்யா. சாயங்காலம் பொண்டாட்டி கழுத்துல ரேகையை எண்ணிப் பாப்பா" என்றார்.

பலகைமேல் படுத்தார். நான் போய் ஒரு சாக்கை நாலாக மடித்து அவர் வலது கைக்குக் கீழே வைத்தேன். ஒத்திகையில் தட்டித் தட்டி முட்டி உரிந்திருந்தது. "கை வலிக்கும்ல" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கூட்டத்துல நீ ஒருத்தன்தான்யா மனுஷன்" என்றார். காது அந்த நேரம் வாசலில் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். சாக்கை அவர் பார்க்கவில்லை. படத்தில் அந்த இடம் தெரியாததால் கேமராக்காரரும் பார்க்கவில்லை.

இரண்டரை நிமிடக் காட்சி. நடுவில் வெட்டக் கூடாது என்பது தம்பியின் ஆசை. நான் நெஞ்சின் மேல் ஏறி, அவர் இடது கையை முழங்காலால் அழுத்திக்கொண்டேன். அதுவும் ஒத்திகையில் உள்ளதுதான்.

முதலில் அவர் வசனத்தைச் சொன்னார். "விடு. போதும். உனக்கு என்ன வேணும்னு சொல்லு." ஒழுங்காகச் சொன்னார். பிறகு நான் இறுக்கினேன். மூட்டையின் மூலைக் காதைப் பிடிக்கிறபோது கட்டைவிரல் தானாக ஒரு இடத்தில் போய் உட்காரும், அது போல உட்கார்ந்தது. அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. கண் மாறியது. நடிக்கிற கண் அடுத்தவர் பார்க்கிறாரா என்று ஒரு ஓரம் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த ஓரம் போய்விட்டது. என்னை மட்டும் பார்த்தார். என் முகத்தை.

சாக்கில் தட்டினார். மூன்று. எனக்குத் தெரிந்தது, சாக்கின் ஓரம் என் காலில் பட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. பிறகு எண்ணிக்கை இல்லாமல். முகம் செங்கல் நிறமாகி, பிறகு நீலம் பாய்ந்தது. கண்ணின் வெள்ளையில் ஊசி குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். நாக்கு பல்லுக்கு வெளியே வந்தது. அதைக் கடித்துக்கொண்டதில் ரத்தம் என் மணிக்கட்டில் வழிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. குதிகால் இரண்டும் பலகையில் அடித்தன. அந்தச் சத்தம் அவ்வளவு பலமாக வந்ததென்று காது ஒலியளவைக் குறைத்து வைத்தாராம். பிறகு அவரே சொல்லி அழுதார். கழுத்துக்குள் ஒன்று, சுள்ளி ஒடிகிற மாதிரி, என் விரலுக்கு மட்டும் கேட்டது. ஒரு நேரத்தில் மூத்திர நாற்றம் வந்தது.

ஓரக்கண்ணால் பார்த்தேன். கேமராக்காரர் கன்னத்தில் கண்ணீர். மேக்கப் தங்கச்சி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். காசாளர் சுவரோடு ஒட்டி நின்றார். தம்பி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு தன் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக அவர் கேட்டது வந்துகொண்டிருந்தது. இவ்வளவு நல்ல நடிப்பை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

"கட்" என்றார் தம்பி. எப்போதும் போல மெதுவாக. "காது, அமைதி எடுத்துக்கங்க."

எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

அந்த ஒரு நிமிடத்தை நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். கூரைத் தகரத்தில் ஒரு பறவை நடந்தது. தண்ணீர்க் குடம் கசிந்து ஒரு சொட்டு விழுந்தது. தூரத்தில் லாரி ஒன்று கியர் மாற்றியது. என் வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. குருவிக் குஞ்சைக் கையில் வைத்திருந்தால் இருக்குமே, அப்படி. விட்டு விட்டு. மறுபடி ஒன்று. நான் அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"ஆச்சு" என்றார் காது. எல்லோரும் கண்ணைத் திறந்து கை தட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள். நான் எழுந்து ஓரமாகப் போய்க் கை கழுவினேன். முதலாளி காட்சி முடிந்த பிறகும் செத்தவர் போலக் கிடந்து எல்லோரையும் பயமுறுத்துகிறவர். அதனால் முதலில் சிரித்தார்கள். "மாமா, போதும் மாமா, எந்திரிங்க. ஜெயிச்சிட்டீங்க" என்று தம்பி அவர் தோளைக் குலுக்கினார். பிறகு குலுக்குவதை நிறுத்தினார்.

சாக்கு எதற்கு என்று கேட்டீர்கள். முட்டி உரியாமல் இருக்க என்று முதல் நாள் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் சாக்கில் தட்டினால் காதுக்குக் கேட்காது என்பதை, முந்தைய வாரம் அவர் சாப்பிடப் போனபோது அந்தக் கருவியை நானே தலையில் மாட்டிக்கொண்டு தட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். ஒரு மடிப்பில் லேசாகக் கேட்டது. நாலு மடிப்பில் கேட்கவில்லை.

அந்த அமைதியை நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். மைக்குக்குப் பக்கத்தில் இரண்டு பேர் மூச்சு கேட்க வேண்டிய இடத்தில் ஒரு மூச்சுதான் கேட்கிறது என்றீர்கள். ஆமாம், என்னுடையது. சீராக இருக்கிறது. மூட்டையை இறக்கி வைத்த பிறகு அப்படித்தான் வரும்.

சம்சாரம் நேற்று வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உங்க பேரு பேப்பர்ல வந்திருக்கு. எந்திரிச்சு நின்னு வாசிக்கவா?" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் முகத்தில் அது இல்லை. போய்விட்டாள்.

தம்பி படத்தை வெளியிட மாட்டாராம். அது தவறு. இரண்டு வருட உழைப்பு. அந்தக் காட்சியை நானும் பார்த்தேன், இந்த அறையிலேயே. நரம்பு நகர்வது தெரிகிறது, முட்டி வெளுப்பது தெரிகிறது. வெளியிட்டால், நன்றிப் பகுதியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு ஐந்தாவது வரியில் ஒட்டிய வெள்ளைத் தாளைக் கிழித்தாலே போதும். கீழே ஏற்கெனவே எழுதித்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி மீதி வைத்திருந்தீர்கள். நான் செய்தது படத்துக்காக என்றால், கட் சொன்னதும் படம் முடிந்துவிட்டதே, அவர் அப்போது உயிரோடு இருந்தது உனக்குத் தெரியும், அப்போதாவது ஏன் கையை எடுக்கவில்லை என்று. தெரியும். துடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அமைதி எடுக்கும்போது யாரும் அசையக் கூடாது. அது அங்கே விதி. நான் விதியை மீறுகிறவன் இல்லை.